விடிவெள்ளியும் அந்திவெள்ளியும்



கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உட்துறைமுகமும் சூழ அமைந்த திருகோணமலை நகரம், வானத்தை நோக்குவோர்க்கு இயற்கை அளித்த நல்லதோர் மேடையாகும். சில மாதங்களில், வைகறையிற் கோணேசர் மலையருகே நின்றால், கடலுக்கு மேலே பேரொளியொன்று எழுவதைக் காணலாம். வேறு சில மாதங்களில், கதிரவன் மறைந்தபின் உட்துறைமுகக் கரையில் நின்றால், சீனக்குடாப் பக்கமாக அத்தகைய ஒளியொன்று தாழ்ந்து செல்லும். முன்னதை விடிவெள்ளி என்றும் பின்னதை அந்திவெள்ளி என்றும் வழங்குகின்றோம். பெயர் இரண்டு, பொருள் ஒன்றே. அது விண்மீனன்று, சுக்கிரன் என்னும் கோள்.

இரண்டும் ஒன்றே என்பதை எங்ஙனம் அறிவது? வெள்ளி, பூமியைக் காட்டிலும் சூரியனுக்கு அணித்தாக நின்று, 225 நாளில் அதனை ஒருமுறை சுற்றி வருகின்றது. ஆதலின் நம் பார்வையில் அது சூரியனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. நள்ளிரவில் நாம் அதனைக் காணாமைக்குக் காரணம் இதுவே. சூரியனுக்குக் கிழக்கே நிற்குங்கால் அதன்பின் மறைகின்றது. மேற்கே நிற்குங்கால் அதன்முன் உதிக்கின்றது. இடையிற் சூரிய ஒளியில் மூழ்கும் நாள்களையே பஞ்சாங்கங்கள் சுக்கிர அஸ்தமனம் எனக் குறிக்கின்றன.

இதனை மாணவர் தாமே கண்டு தெளியலாம். சூரியன் மறைந்து அரைமணி கழிந்ததும் கையை நீட்டி, முட்டியை மடக்கி, வெள்ளி அடிவானத்துக்கு மேல் எத்தனை முட்டி உயரத்தில் உள்ளதென வாரந்தோறும் குறித்து வருக. ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. பல மாதங்கள் மெல்ல மெல்ல விலகிச் செல்லும் அக்கோள், பின்னர் பத்து வாரங்களுக்குள் விரைந்திறங்கி மறையும். சில நாள் சென்றபின் வைகறையிற் கடற்பக்கம் பார்த்தால், மறைந்த வெள்ளி அங்கே நிற்கும்!

இவ்வாறு ஒரு சுற்று நிறைவுற 584 நாளாகும். ஐந்து சுற்றுக்கள் எட்டாண்டிற்கு இரண்டு மூன்று நாளே குறைவு. 2004 ஜூன் 8ஆம் நாளும், 2012 ஜூன் 6ஆம் நாளும் வெள்ளி கரும்புள்ளியாகச் சூரிய வட்டத்தைக் கடந்தது. 2020 ஜூன் 3ஆம் நாள் மீண்டும் நமக்கும் சூரியனுக்கும் இடையே வந்தது. ஆயினும் வட்டத்தைத் தொடாது விலகிச் சென்றது. இனி அத்தகைய கடப்பு 2117ஆம் ஆண்டிலேயே நிகழும்.

1610ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியால் நோக்கி, வெள்ளியும் நிலவைப்போல் வளர்ந்து தேய்வதைக் கண்டார். அது சூரியனைச் சுற்றுகின்றது என்பதற்கு அக்காட்சியே சான்றாயிற்று. அந்தியில் அது விரைந்திறங்கும் இறுதி வாரங்களில், இருகண் நோக்கியிலும் அதன் பிறை வடிவம் புலப்படும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாலையிற் சூரியன் முற்றும் மறையும்வரை கருவியைத் தொடலாகாது, காலையில் அது உதிக்குமுன்னரே கீழே வைத்துவிடல் வேண்டும். நொடிப்பொழுதுத் தவறும் சிறார் கண்ணொளியைப் பறித்துவிடும்.

ஒரு குறிப்பேடும் மடக்கிய முட்டியும் போதும். பிறர் சொல்லக் கேட்ட உண்மை நம் பிள்ளைகளுக்குத் தாமே கண்ட உண்மையாகிவிடும்.