துப்பாக்கி கொடுத்தீர், பயிற்சி கொடுத்தீரா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 வருகிறது. அக்டோபர் 30 வருகிறது. முன்னது பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவுநாள். பின்னது பசும்பொன்னில் தேவர் குருபூசை. அந்நாட்களில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாகவும், கமுதி வழியாகவும் கிழக்கே செல்லும் சாலைகளைப் பாருங்கள், தோழர்களே! முக்குக்கு முக்கு காக்கிச் சட்டை. வெளி மாவட்டங்களிலிருந்து வேன்களில் கொண்டுவந்து இறக்கப்பட்ட காவலர்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் லத்தி. ஒருவர் கையில் கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி. இன்னொருவர் தோளில் ரைபிள்.

அந்த ரைபிளை அவர் கடைசியாகச் சுட்டுப் பழகியது எப்போது?

இந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை. எத்தனை ஆயிரம் காவலர்கள் குவிக்கப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை கேமராக்கள் வைத்தோம் என்று சொல்கிறார்கள். அந்தக் கைகளுக்கு ஆயுதம் பழக்கப்பட்டதா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. லத்தி தவறாகப் பட்டால் காயம் ஆறும். குண்டு தவறிப் பட்டால் ஆறுவதற்கு ஆளே இருக்கமாட்டான்!

சமாதானம் சொல்பவர்கள் உண்டு. "பயிற்சிப் பள்ளியில் எல்லாம் சொல்லித்தருகிறார்களே" என்பார்கள். உண்மைதான்; சேரும்போது சொல்லித்தருகிறார்கள். ஆயுதப்படையினருக்கு ஆண்டுக்கொருமுறை நினைவூட்டும் கவாத்தும் நடக்கிறது. ஆனால் காவல் நிலையத்துக் காவலரின் நாள் எப்படிக் கழிகிறது? நீதிமன்றம், சம்மன், பந்தோபஸ்து, இரவு ரோந்து, திருவிழா! தறிக்காரர் ஆறு மாதம் தறியில் உட்காராவிட்டால் கை தடுமாறுகிறதே, துப்பாக்கிக்காரருக்குத் தடுமாறாதா? காவலர்களுக்கு உரிய அளவு சுடும் பயிற்சி அளிக்கப்படவில்லை என்று பல மாநிலங்களில் தணிக்கை அறிக்கைகளே குறை கூறியிருக்கின்றன. எதிரிகள் இட்டுக்கட்டிய குறையல்ல இது; அரசின் தணிக்கையாளர் எழுதிய குறை.

<b>தன் கையே தன்னவரைச் சுட்ட கதை</b>

2017 டிசம்பர் 13. கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி, தமிழகக் காவல் படையொன்று ராஜஸ்தானம் சென்றது. பாலி மாவட்டத்தில் நள்ளிரவு கடந்த வேளையில் நடந்த மோதலில், மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து மாண்டார். கொள்ளையர் சுட்டனர் என்று முதலில் செய்தி வந்தது. நாடே கண்ணீர் விட்டது. பின்னர் ராஜஸ்தான் காவல்துறை விசாரித்து என்ன சொன்னது? உடன் சென்ற அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டே அவர் உயிரைக் குடித்தது என்றது.

அந்த அதிகாரியைப் பழிப்பது நம் நோக்கமல்ல. இருட்டு, ஊர் தெரியாது, மொழி தெரியாது, எதிரே கல்லும் கட்டையும் தூக்கிய கூட்டம். அந்த நெருக்கடியில் மனிதனுக்கு மூளை முந்துவதில்லை. கை பழகிய பழக்கம்தான் முந்தும். சுட வேண்டிய கணம் வரும்வரை விரல் விசைமேல் படக்கூடாது. குழல் தன் தோழனை நோக்கித் திரும்பக்கூடாது. சொல்லிவிட இரண்டு வரி. கையில் ஊற இருநூறு முறை பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்காமல் ஆயுதத்தைக் கொடுத்தனுப்புவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் இறக்குவது போன்றது.

களத்துக்கே போகவேண்டாம், நிலையத்திலேயே ஆபத்து உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர் பலர். குழலின் அடியறையில் ஏற்கெனவே ஏறிவிட்ட ரவை ஒன்று அங்கேயே இருக்கும்! துடைக்கும்போது வெடித்தது, பாரா மாற்றும்போது வெடித்தது என்று செய்தி வருகிறதே, அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் இதுதான். மேகசினைக் கழற்று, அடியறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார், மணல் மூட்டையை நோக்கிக் குழலைப் பிடித்தபடியே இதைச் செய். ஒரு மணல் மூட்டைக்கு என்ன செலவு? அது இல்லாத நிலையத்தில் ஒரு காவலரின் குடும்பமே பணயம்.

<b>பொட்டல் காட்டில் குண்டுக்கு எல்லை ஏது?</b>

"ஆளைச் சுடவில்லை, வானத்தை நோக்கித்தான் சுட்டோம்" என்று பெருமையாகச் சொல்வதுண்டு. வானம் குண்டை வாங்கி வைத்துக்கொள்கிறதா? ஏழு புள்ளி ஆறிரண்டு மில்லிமீட்டர் ரைபிளின் குண்டு நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. சற்றே தூக்கிச் சுட்டால் 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல், நடுநடுவே சீமைக்கருவேலம். குண்டைத் தடுத்து நிறுத்த மலை இல்லை, மேடு இல்லை. சாலையில் தலைக்கு மேல் சுட்ட குண்டு, பருத்தி எடுப்பவளையோ, ஆடு மேய்ப்பவனையோ, கரிமூட்டம் போடுபவனையோ தேடிப் போகும். அவர்கள் ஊர்வலத்திலும் இல்லை, மறியலிலும் இல்லை!

வீண் அச்சம் என்பீர்களா? புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நடந்ததைக் கேளுங்கள். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பாட்டன் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 சனவரி 3 அன்று அவன் இறந்தான். பயிற்சிக்கென்றே ஏற்பட்ட இடத்தில், பட்டப்பகலில், கலவரம் ஏதுமின்றி நேர்ந்த சாவு அது. குறியை மட்டுமல்ல, குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்தே சுடவேண்டும் என்ற பாடத்தை, அந்தப் பிள்ளையின் உயிர் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறது.

<b>குறி தவறாத கை போதுமா?</b>

"அப்படியானால் எல்லாரையும் நன்றாகக் குறிபார்த்துச் சுடப் பழக்கிவிட்டால் போதும்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரைச் சாலையில் தெற்கே சென்றால் தூத்துக்குடி. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-ஆம் நாளில் துப்பாக்கி முழங்கியது. 13 பேர் பலியானார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முறையான எச்சரிக்கை இல்லை. மறைவிடத்திலிருந்து, ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது ஆணையம். சுடுவதில் தேர்ந்த ஒரு காவலர் மட்டும் 4 இடங்களில் 17 ரவைகள் சுட்டதை எடுத்துக்காட்டிக் கண்டித்தது.

இங்கே கை தடுமாறவில்லை, கட்டளை தடுமாறியது! பயிற்சி இல்லாத கை தற்செயலாகக் கொல்லும். கட்டுப்பாடு இல்லாத பயிற்சி தேர்ந்தெடுத்துக் கொல்லும். எனவே பயிற்சி என்றால் விரலுக்கு மட்டுமல்ல. சுடச்சொல்லும் வாய்க்கும் பயிற்சி வேண்டும். எப்போது சுடக்கூடாது என்பதே அதன் முதல் பாடம்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, 2024 சூலை 1 முதல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆவது பிரிவாக நிற்கிறது. முதலில் கலைந்துபோகச் சொல்லவேண்டும். கலையாவிட்டால்தான் பலம் என்கிறது அது. 1990-இல் ஐ.நா. மாநாடு அவானா நகரில் ஏற்ற கோட்பாடுகளும் உண்டு. தனிப்பயிற்சி முடித்தவருக்கே துப்பாக்கி ஏந்த அனுமதி. உயிரைக் காக்க வேறு வழியே இல்லையென்றால்தான் உயிரெடுக்கும் சூடு என்று அவை கூறுகின்றன. ஏட்டில் சர்க்கரை இனிக்காது, களத்தில் வரவேண்டும்.

<b>இரு பக்கமும் நம் பிள்ளைகள்</b>

1957 செப்டம்பரில் இமானுவேல் சேகரன் படுகொலைக்குப் பின் முதுகுளத்தூர்ச் சீமை பற்றியெரிந்தது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் 5 பேர் காவல்துறையின் குண்டுக்கு இரையானார்கள். கலகக் கூட்டத்தைச் சுட்டோம் என்றது ஒரு தரப்பு. பிடித்துக் கட்டிச் சுட்டார்கள் என்றது மறுதரப்பு. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் மீண்டும் துப்பாக்கி பேசியது. அன்று மாண்டவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். அங்கொரு சாதி, இங்கொரு சாதி; அழுத தாய்மார்களின் கண்ணீரில் என்ன வேற்றுமை கண்டீர்கள்?

சுடுகிறவர் யார்? மானாவாரி நிலம் சோறு போடாததால் காக்கிச்சட்டை தேடிப்போன ஏழைக் குடியானவரின் மகன். சுடப்படுகிறவர் யார்? அதே பொட்டல் காட்டில் கூலிக்குப் போகிறவரின் மகன். பயிற்சி இல்லாமல் துப்பாக்கி தருவது இருவருக்கும் இழைக்கும் கொடுமை. ஒருவர் சாகிறார், மற்றவர் கொலைகாரர் என்ற பெயரோடு வாழ்கிறார். பயிற்சி கொடுக்காத மேலிடமோ விசாரணை ஆணையம் அமைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது!

நாம் செய்யவேண்டியது என்ன? ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வருகிறது. நம் தொகுதி உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள்: மாவட்டத்தில் ஆயுதம் ஏந்துவோரில் எத்தனை பேர் கடந்த ஆண்டு சுட்டுப் பழகினார்கள்? ஒருவருக்கு எத்தனை ரவை? தேறாதவர் கையிலிருந்து துப்பாக்கி திரும்பப் பெறப்பட்டதா? ஒவ்வொரு நிலையத்திலும் மணல் மூட்டை இருக்கிறதா? சுடும் தளங்களுக்குப் பின்னே போதிய மண்மேடும், சுற்றிலும் எச்சரிக்கைக் கொடியும் உண்டா? பந்தோபஸ்துக்கு இறக்குமுன், சுட உத்தரவிடும் அதிகாரி யார் என்று ஒவ்வொரு காவலருக்கும் சொல்லப்படுகிறதா?

இதைக் கேட்பது காவலருக்குப் பகையல்ல. காவலரின் மனைவி மக்களும் நம்மோடு சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது. பதில் எழுத்தில் வரட்டும், எண்ணிக்கையோடு வரட்டும். வராவிட்டால், அடுத்த செப்டம்பருக்கு முன் மீண்டும் கேட்போம்!