புதிய உரிமையாளரைத் தேடும் மோரிஸ் மைனர்

தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1951ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. நான்கு கதவுகளும் கரும்பச்சை வண்ணமும் கொண்ட அந்தக் காரின் முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். சென்ற ஆண்டு கோடையில் அதனை விற்றுவிடுவது என்று நானும் என் அக்காவும் முடிவு செய்தோம். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலைக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டவை பழைய கார் வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, பெற்றோர் பெயரில் எஞ்சியுள்ள உடைமைகளைக் கைமாற்ற வேண்டிய எவருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தின் எளிய கார்

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மினி காரை உருவாக்கியவரும் அவரே. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் மிகவும் ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். பானட்டின் நடுவே ஓடும் தட்டையான மேட்டுப் பட்டை அந்தக் கடைசி நேர மாற்றத்தின் அடையாளம். நிறுவனத்தின் தலைவரான நஃபீல்டு பிரபு, இது ஓடு நீக்கி வேகவைத்த முட்டைபோல் இருக்கிறதென்று கடிந்துகொண்டதாகச் சொல்வர். ஆயினும் பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெருமை அதற்கே கிடைத்தது. மொத்தத்தில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் தயாராயின.

எங்களுடையது தொடக்ககால வகை. 918 சி.சி. எஞ்சினுடன் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டுவதே அதற்குப் பெரும்பாடு. இந்தக் குடும்பத்துக்கும் வங்காளத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மைனரை ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் தயாரித்தது. அங்கேயே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவில் பிறந்த அம்பாசடர் 2014 வரை உருவானது.

அப்பாவின் கார்

நாடு திரும்பவிருந்த ஓர் ஆங்கிலேயச் சணல் ஆலை அதிகாரியிடமிருந்து 1958இல் அப்பா இதனை வாங்கினார். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி அடங்கிய பிறகுதான் எஞ்சினை இயக்க வேண்டும் என்பது அப்பாவின் விதி. வண்டி திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறு கைபோல் நீளும் மஞ்சள் விளக்கை இயக்குவதற்கு அக்காவும் நானும் சண்டையிடுவோம். அப்பா ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எந்தத் தேதியில், எத்தனையாவது மைலில் கிரீஸ் வைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் 2009இல் காலமானபோது கார் ஓடாமல் நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018இல், அதனைச் சீரமைக்கத் தொடங்கினேன். வெளியே பளபளப்பாகத் தெரிந்த தகட்டின் அடியில் பட்டி மட்டுமே இருந்தது. கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டைகளும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் இடங்களும் துருவேறி உதிர்ந்தன. மைனரில் தனியான சேஸிஸ் கிடையாது. உடற்கூடே வண்டியைத் தாங்குகிறது. ஆகவே அங்கே துரு என்பது அழகுக் குறை அன்று, பாதுகாப்புக் குறை. டிங்கர் வேலைக்கு மட்டும் ஓராண்டு ஆயிற்று. சில பாகங்கள் மல்லிக் பஜாரில் கிடைத்தன. மற்றவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இந்தக் காருக்கான உதிரிபாகங்கள் அங்கே இன்றும் புதிதாகத் தயாராகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால் அவை அனைத்தையும் மாற்றினேன். 2021இல் வேலை முடிந்தபோது ஆறரை இலட்சம் ரூபாய் செலவாகியிருந்தது.

அதன்பின் நான்கு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஓட்டினேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கனமான கிளட்சை மிதிக்க முடியவில்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு இதில் நாட்டமில்லை. நிறுத்தி வைத்தால் மீண்டும் துருப்பிடிக்கும். அதனால்தான் விற்க முடிவு செய்தோம்.

பெயர் மாறாத ஆர்.சி. புத்தகம்

வாங்க வந்த முதல் மனிதர் கேட்ட முதல் கேள்வி, “ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?” என்பதுதான். அது அப்பாவின் பெயரில் இருந்தது. பதிவுக் காலமும் முடிந்திருந்தது. எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டிய நான், அந்தத் தாள்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நாங்கள் பல ஆண்டுகள் கடத்தியிருந்தோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நாகபுரியில் வசிக்கும் அக்காவின் சம்மதப் பத்திரம், அபராதம் எனப் பல மாதங்கள் சென்றன. குறை எங்களுடையதே. 2021 முதல் வங்கிக் கணக்கைப் போலவே வாகனப் பதிவிலும் நியமனதாரரைக் குறிப்பிடும் வசதி வந்திருக்கிறது. வாசகர்கள் இதனைத் தவறவிட வேண்டாம்.

அதே ஆண்டு ஜூலையில் தொல்பழங் கார்களுக்கான தனி விதிகளும் வந்தன. 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத, உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாத சொந்தப் பயன்பாட்டு வாகனங்களை அவ்வகையில் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் ₹20,000. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். வணிக நோக்கில் ஓட்ட அனுமதியில்லை.

இரண்டு விலைகள்

இறுதியில் இருவர் எஞ்சினர். முதலாமவர் திருமண ஊர்வலங்களுக்கு கார் வாடகைக்கு விடுபவர். ஏழு இலட்சம் தர முன்வந்தார். ஆனால் பாதித் தொகையை ரொக்கமாகத் தருவதாகவும், எஞ்சினை எடுத்துவிட்டு இன்றைய எஞ்சினும் ஏ.சி.யும் பொருத்தப்போவதாகவும் சொன்னார். காரின் மீது அவருக்கும் ஆசை இருந்தது. தொழிலுக்கு ஏற்றபடி அதனை மாற்ற எண்ணினார், அவ்வளவே.

இரண்டாமவர் ஜாம்ஷெட்பூரில் பொறியியல் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் இளம்பெண். வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்து, காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு முன்சக்கர மூட்டுகளுக்கு எப்போது கிரீஸ் வைத்தீர்கள் என்று கேட்டார். அது சரியான கேள்வி. அங்கே கிரீஸ் வற்றினால் மைனரின் முன்சக்கரம் ஓடும்போதே மடிந்துவிடக்கூடும். அப்பாவின் குறிப்பேட்டைக் காட்டினேன். அதனை அவர் நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். அவரால் தர முடிந்தது ஐந்தே கால் இலட்சம்.

நான் தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒன்றே முக்கால் இலட்சம் ஓய்வூதியக்காரனுக்குச் சிறு தொகையன்று. அதில் பாதி அக்காவுக்கு உரியது. அன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து இரு விலைகளையும் சொன்னேன்.

“ரொக்கம் எதற்குடா தம்பி? அதை எந்தக் கணக்கில் காட்டுவாய்?” என்று கேட்டார் அக்கா. ஒருவரிடமிருந்து ஒரு பரிவர்த்தனைக்கு ₹2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் விதிக்கப்படலாம். சற்றுப் பொறுத்து, “ஆறரை இலட்சம் போட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருக்காதே. அதற்கு நீ நான்கு வருஷம் ஓட்டியாயிற்று” என்றார்.

அந்தச் சொல் என் கணக்கைத் திருத்தியது. சீரமைப்புக்கு நாம் செலவிடுவது நமது விருப்பம். அதனைத் திருப்பித் தரும் கடமை சந்தைக்கு இல்லை. பழைய காரை முதலீடாக எண்ணி வாங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

கைமாறும் நாள்

இளம்பெண்ணுக்கே தருவது என்று முடிவாயிற்று. விலை முழுவதும் வங்கி வழியாகவே வரும். படிவங்கள் 29, 30 கையொப்பமாகிவிட்டன. கார் ஜார்க்கண்ட் மாநிலத்துக்குச் செல்வதால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் கேட்டிருக்கிறோம். காப்பீட்டையும் அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் பெயரிலேயே அதனை விட்டுவைப்பது இருவருக்கும் தொல்லை.

சான்று வந்ததும் அவர் வந்து காரை எடுத்துச் செல்வார். அதற்குள் அக்கா ஒருமுறை கொல்கத்தா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். இப்போது அந்த மஞ்சள் விளக்கை இயக்குவது அவர் முறையாம். சாவியுடன் கொடுப்பதற்காக அப்பாவின் குறிப்பேட்டையும் கிரீஸ் கன்னையும் எடுத்து வைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன.