கடலை மறந்த இறால்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பாலிதீன் பையில் கட்டித் தருகிற செர்ரி இறால், வளர்ந்தாலும் மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. பாடி, அம்பத்தூர் வழியாகத் திருமுல்லைவாயிலுக்கு வந்து சேர்ந்த பத்துப் பன்னிரண்டு இறால்கள், தொட்டி ஒத்துக்கொண்டால் சில மாதங்களில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிடும். நம் ஆறுகளில் கிடைக்கிற பெரிய நன்னீர் இறாலான ஸ்காம்பியை இப்படி வீட்டில் பெருக்க முடியாது. இரண்டும் நன்னீரில் வாழ்பவைதான். வித்தியாசம் முட்டையில் இருக்கிறது.

ஸ்காம்பிப் பெண், ஒரு தடவையில் 80,000 முதல் ஒரு லட்சம் முட்டைகள் வரை இடும். அவ்வளவும் பொடி முட்டைகள். அவற்றிலிருந்து வெளிவரும் இளவுயிரி இறால் போலவே இருக்காது. தலைகீழாக மிதந்தபடி பதினொரு கட்டங்களைக் கடந்த பிறகே இறால் உருவம் எடுக்கும். அதுவரை அதற்கு உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் எஸ். டபிள்யூ. லிங் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்த பிறகுதான் உலகெங்கும் ஸ்காம்பிப் பண்ணைகள் சாத்தியமாயின.

கிழக்காசிய ஓடைகளைச் சேர்ந்த செர்ரி இறால் (நியோகரிடினா டேவிடி) வேறு வழியில் போயிருக்கிறது. ஒரு தடவைக்கு இருபது முப்பது முட்டைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் மஞ்சள் கரு நிறைந்த பெரிய முட்டை. கடலில் மிதந்து கடக்க வேண்டிய கட்டங்களையெல்லாம் குஞ்சு முட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. மூன்று நான்கு வாரங்களில் வெளிவரும்போது, ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் தாயின் அச்சாகவே இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து தானே மேயும். பரிணாமம் எண்ணிக்கையை விட்டுக்கொடுத்துக் கடலிலிருந்து விடுதலை வாங்கியிருக்கிறது என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கடையில் பக்கத்துத் தொட்டியிலேயே அமானோ இறாலும் இருக்கும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ, பாசி தின்பதற்காகத் தன் நீர்த்தாவரத் தொட்டிகளில் விட்டுப் பிரபலமாக்கியது. அதன் குஞ்சுகளுக்கு இன்னமும் கடல்நீர் வேண்டும். அதை வாங்கிவிட்டுக் குஞ்சுக்குக் காத்திருப்பது வீண். குஞ்சு நன்னீரிலேயே பிழைக்குமா என்பதுதான் முதல்முறை வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

செர்ரிப் பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டு தெரிந்தால் சினைப்பையில் முட்டை தயார் என்று பொருள். வளர்ப்பவர்கள் அதை 'சேடில்' என்கிறார்கள். அவள் ஓட்டை உரித்ததும் நீரில் ஒரு வேதிப்பொருள் கரையும். உடனே தொட்டியிலுள்ள ஆண்கள் எல்லாம் நிலைகொள்ளாமல் நீந்தித் தேடும். சில மணி நேரத்துக்குள் இணைசேர்ந்து, முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கிவிடும். பிறகு நீந்துகால்களால் ஓயாமல் அவற்றை விசிறிக்கொண்டே இருப்பாள். உதிர்ந்த ஓட்டைச் செத்த இறால் என்று நினைத்து எடுத்துப் போட வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புக்காக அவையே தின்றுவிடும்.

இனி தண்ணீர். திருமுல்லைவாயில் வீடுகளில் போர் தண்ணீர், லாரி தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்று எத்தனையோ வகை. ஒவ்வொன்றிலும் கரைந்திருக்கும் உப்பின் அளவு வேறு. வெறும் ஆர்.ஓ. நீரில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாததால் புதிய ஓடு இறுகாது. வெறும் போர் நீர் பல தெருக்களில் அளவுக்கு மீறிக் கடினமானது. இரண்டையும் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 150 முதல் 250 வரை வைத்துக்கொள்வது நல்லது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு பல வீடுகளில் மழைநீர் பிடிக்க வசதி உண்டு. போர் நீரின் கடினத்தைக் குறைக்க அதுவும் உதவும். எந்த எண் என்பதைவிட, எண் சட்டென்று மாறாமல் இருப்பதே முக்கியம். மாற்றும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் அன்றே இறாலை விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா படிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் பாசியிலும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலம் உருவாகியிருக்கும். குஞ்சுகளின் முதல் உணவே அந்தப் படலம்தான். தெருவோர வாதாம் மரத்தடியில் உதிர்ந்து பழுத்த இலை ஒன்றைக் கழுவி, கொதிக்கவைத்துப் போட்டால் அதன்மேலும் படலம் வளரும். கடையில் காசு கொடுத்து வாங்கும் பல உணவுகளைவிட அது மேல்.

ஆனால் நம் பகுதியில் இறாலுக்கு முதல் எதிரி தண்ணீர் அல்ல, கொசு மருந்து. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கொசுவும் இறாலும் ஒரே கணுக்காலி வம்சம். லிக்விட் பாட்டிலிலும் கொசுவத்தியிலும் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்து நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும். மீனுக்கு ஆபத்தான அந்த மருந்து இறாலுக்கு அதைவிடக் கொடியது. ஏர் பம்ப் அறைக்காற்றை இழுத்து நேராக நீருக்குள் செலுத்துவதால் விஷத்துக்கு அதுவே வழியாகிவிடும். தொட்டி இருக்கும் அறையில் மருந்து வேண்டாம், கொசுவலை போதும். தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்தி, பம்பைச் சற்று நேரம் நிறுத்திவிடலாம். செம்பு கலந்த மீன் மருந்தும் ஆகாது. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். ஆனால் நீரில் கரைந்த செம்பு மிகுந்தால் கொன்றுவிடும்.

ஏப்ரல், மே வந்தால் வெப்பம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.5தான். அந்தச் சூட்டில் முட்டை சுமக்கும் பெண்கள் குறைவார்கள், சிலர் முட்டையை உதறிவிடுவார்கள். நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி ஓடினால் ஆவியாதலால் ஓரிரு டிகிரி குறையும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அவ்வளவு பலன் இராது. வற்றும் நீரை உப்பற்ற நீரால் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் டி.டி.எஸ். ஏறிக்கொண்டே போகும்.

பெருகியவற்றை அம்பத்தூர் ஏரியில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது. ஜெர்மனியில் மின்நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் ஓடையில், தொட்டியிலிருந்து வந்த இதே இறால் நிலைத்துப் பெருகியிருக்கிறது. வெந்நீர் எட்டாத இடங்களில் அங்கே குளிர் அதைக் கட்டிப்போடுகிறது. நம் ஏரிகளில் அந்தத் தடை கிடையாது. இந்திய நன்னீரில் கரிடினா பேரினச் சிறு இறால்கள் ஏற்கெனவே உண்டு. அவற்றின் மேய்ச்சலில் அயலூர் இறாலை இறக்க நமக்கு உரிமையில்லை. மிஞ்சியதைப் பக்கத்து வளர்ப்பாளருக்குக் கொடுக்கலாம், கடையில் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கும்போது நிறத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் கலந்தால் சில தலைமுறையில் காட்டு இறாலின் பழுப்பு நிறமே திரும்பி வந்துவிடும்.