பொய் மெய்யாகத் தோன்றுவது ஏன்?

புதுச்செய்தி அறியும் விழைவு மக்கட்கு இயல்பாக அமைந்ததாகும். முற்காலத்தில் ஒரு வதந்தி ஊர்விட்டு ஊர் செல்லப் பல நாள் ஆகும். இக்காலத்திலோ கைப்பேசி வழியே அது நொடிப்பொழுதில் நாடெங்கும் பரவிவிடுகின்றது. கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே அதனை நம்பிவிடுகின்றனர். இதற்குக் காரணம் யாது?

2018-ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்துவோர் ஊர்தோறும் திரிகின்றனர் என்னும் பொய்ச்செய்தி இந்தியாவின் பல மாநிலங்களில் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. அதற்குச் சான்றாக ஒரு வீடியோவும் காட்டப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வர். அது பாகிஸ்தானிலுள்ள கராச்சி நகரில், பெற்றோரை விழிப்புறச் செய்தற்பொருட்டு எடுக்கப்பட்ட படம். இறுதியில் அவ்விருவரும் குழந்தையைத் திரும்பக் கொணர்ந்து விடுவர். அப்பகுதியை யாரோ வெட்டி நீக்கிவிட்டனர், எஞ்சியது அச்சமே.

அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் திருவண்ணாமலை மாவட்டத்துக் கோயிலுக்குச் சென்றார். வழியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்க்கு அன்புடன் மிட்டாய் கொடுத்தார். அவரைக் குழந்தை கடத்துபவர் என்று கருதிய கூட்டம் அடித்தே கொன்றது. அன்பின் செயல் குற்றத்தின் சான்றாகத் தோன்றியது. என்னே கொடுமை!

அக்கூட்டத்தினர் பிறவியிலேயே கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. தம் மக்களைக் காக்கும் எண்ணமே அவர்களை மதி மயங்கச் செய்தது. அச்சம் மிக்கவிடத்து ஆராயும் அறிவு ஒடுங்கிவிடும். உள்ளம் முன்னரே நம்பியதற்கு இசைவானவற்றையே கண் காணும், மாறானவற்றைக் காணாது.

மற்றொரு காரணமும் உண்டு. 1977-ஆம் ஆண்டில் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் மூவர், கல்லூரி மாணவரிடம் சில கூற்றுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மும்முறை கூறி, அவை உண்மையா என வினவினர். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றுகள், பொய்யாயினும், வரவர மெய்யாகத் தோன்றின. பழகிய ஒலியை உள்ளம் உண்மை என மயங்குகின்றது. ஒரே செய்தி பத்து நண்பரிடமிருந்து வருமாயின், பத்துச் சான்றுகள் உள எனக் கருதுகின்றோம். பத்தும் ஒருவாய்ச் சொல்லே என்பதை மறந்துவிடுகின்றோம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்கட்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரையறை செய்யத் தொடங்கிற்று. எனினும், கருவிக்கு இடும் தடையினும் உள்ளத்துக்கு இடும் தடையே சிறந்தது. செய்தி வந்தவுடன், “இதனை முதலில் கூறியவர் யார்? நேரில் கண்டவர் யார்?” என வினவுதல் வேண்டும். விடை கிடைக்கும் வரை பிறர்க்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். அச்சிறு பொறுமை ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.