ராணிக்குத் துக்கம், பாரதிக்கு நினைவு நாள்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் அரசுக் கட்டிடங்களில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அம்மாதம் 8-ஆம் தேதி தமது 96-ஆம் வயதில் காலமான இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்துக்காக இந்திய அரசு அறிவித்த ஒரு நாள் துக்கம் அது.

அதே செப்டம்பர் 11 மகாகவி பாரதியாரின் நினைவு நாள் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். "சுதந்திரம் பாடியவர் நினைவு நாளில் வெள்ளைக்கார ராணிக்குத் துக்கமா?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 1952-இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது இந்தியா குடியரசாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நமக்கு ராணியாக இருந்ததே இல்லை. காமன்வெல்த் அமைப்பின் தலைவர், அவ்வளவுதான். அதே 2022-இல் ஐக்கிய அரபு நாடுகளின் அதிபர் ஷேக் கலீஃபாவுக்கும், ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவுக்கும் ஒவ்வொரு நாள் துக்கம் அனுசரித்தோம். மனஸ்தாபம் இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பது நம் வழக்கமல்லவா? அரசு செய்ததும் அத்தகைய மரியாதையே.

ஆனால் மக்கள் மனம் அரசாணைப்படி நடப்பதில்லை. 1961-இல் ராணி கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்ததை நினைவில் வைத்திருந்த முதியவர்கள், ஒரு யுகம் முடிந்தது என்று வருந்தினார்கள். வேறு பலர் கோஹினூர் வைரத்தையும், ஜாலியன்வாலாபாக்கையும் நினைவூட்டினார்கள். வங்காளத்தில் இக்கேள்வி இன்னும் ஆழமானது. 1943 பஞ்சத்தில் மடிந்த சுமார் 30 லட்சம் பேருக்கு எந்தக் கொடி தாழ்ந்தது? இன்னொரு பொருத்தத்தையும் கவனியுங்கள். ராணி மறைந்த அதே நாள் மாலை, தில்லி இந்தியா கேட் அருகே நேதாஜியின் சிலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ராணியின் பாட்டனார் ஐந்தாம் ஜார்ஜின் சிலை நின்ற மண்டபத்தில்தான் அது நிற்கிறது!

இத்தகைய இரட்டை மனநிலை கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1901-இல் விக்டோரியா மகாராணி மறைந்தபோது, கர்சன் பிரபுவின் யோசனைப்படி நினைவு மண்டபம் கட்ட நிதி திரட்டப்பட்டது. மன்னர்களும் செல்வந்தர்களும் மற்றவர்களும் கொடுத்த நன்கொடையால், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் விக்டோரியா மெமோரியல் எழுந்தது. 1906 ஜனவரியில் அடிக்கல் நாட்டியவர் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ். அதே பயணத்தில் அவரை வரவேற்றுப் பாரத மாதா பேசுவதாகக் கவிதை எழுதியவர் யார் தெரியுமா? நம் பாரதியார்தான்! 1921 டிசம்பரில் மண்டபத்தைத் திறக்க அடுத்த வேல்ஸ் இளவரசர் வந்தபோதோ நகரம் ஹர்த்தாலால் வரவேற்றது. சித்தரஞ்சன் தாஸும் சுபாஷும் அப்போது சிறையில் இருந்தார்கள்.

நம் குடும்பங்களிலும் இந்தக் கதை உண்டு. டல்ஹௌசி சதுக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனிகளில் குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தராகவும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! அந்தச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கைகளின் கல்யாணத்தை நடத்தியவர்கள் அவர்கள். அந்தச் சதுக்கமே பின்னர் வினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளம் புரட்சியாளர்கள் பெயரில் பி.பா.தி. பாக் ஆனது. துரைக்கு உண்மையாக உழைத்து, சுதந்திரத்துக்காகவும் ஏங்கிய அந்தப் பெரியவர்களை இன்று எந்தக் கட்சியில் சேர்ப்பது?

துக்கத்தைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து உதாரணம். 2016-இல் மன்னர் பூமிபால் மறைந்தபோது ஓராண்டு துக்கம் அனுசரிக்கப்பட்டது. பெரும்பாலோரின் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் கறுப்புடை அணியாதவர்கள் ஏச்சுக்கும் ஆளானார்கள். நம் நாட்டில் அன்று வருந்தியவரையும் வருந்தாதவரையும் யாரும் தண்டிக்கவில்லை. குடியரசில் வாழ்வதன் அருமை இதுவே.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டால் ஒரு பக்கக் கதையோடு நிறுத்தாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் விக்டோரியா மெமோரியலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து எல்ஜின் ரோடு தூரமில்லை. 1941-இல் நேதாஜி வீட்டுக்காவலிலிருந்து தப்பிச் சென்ற கார் அங்கே நேதாஜி பவனில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தபின் அவர்களே யோசித்துக் கேட்கட்டும்.