காக்காவுக்கு ஒரு கதிரை

சாய்ந்தமருது பிரதான வீதியில் ஏதாவதொரு இரும்புச் சாமான் கடைக்குப் போய்ப் பாருங்கள். எந்த அளவு ஆணி எந்தப் பெட்டியில் கிடக்கிறது, எந்த மேசன் கடன் அடைப்பான் என்றெல்லாம் கொப்பியைப் பார்க்காமலே சொல்பவர் தலை நரைத்த ஒரு காக்காவாகத்தான் இருப்பார். அவருக்குப் பின் அதைப் படிக்க வேண்டிய பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் நிற்கிறார்கள்.

நாடே மூப்படைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயது கடந்தவர்கள் 12.4 சதவீதம். தனியார் துறையில் 55 வயதோடு அனுப்பிவிடும் வழக்கத்தை 2021இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றியது. குறைந்தபட்ச ஓய்வு வயது இப்போது 60. சட்டம் வரும்போதே ஐம்பதைத் தாண்டியிருந்த சிலருக்கு மட்டும் கொஞ்சம் குறைவு.

வைத்துக்கொள்வது சரி, எப்படி வைத்துக்கொள்வது? ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங்கில் பி.எம்.டபிள்யூ 2007இல் ஒரு சோதனை செய்தது. தன் தொழிலாளரின் சராசரி வயது பத்தாண்டில் 39இலிருந்து 47 ஆகும் என்று கணக்கிட்டு, 47 சராசரியுள்ள ஒரு குழுவை அப்போதே அமைத்தது. என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். மரத்தளம், உயரம் மாற்றும் கதிரை, உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். ஒரே ஆண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது.

நம் கடைகளுக்கு அவ்வளவும் தேவையில்லை. நல்ல வெளிச்சம், தடித்த எழுத்தில் விலைச்சீட்டு, சாமான் தள்ள ஒரு தள்ளுவண்டி போதும். திடகாத்திரமான ஆணுக்கே 55 கிலோதான் உச்சம் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. மூட்டையை அறுபது வயது முதுகில் ஏற்றுவது தொழிலல்ல, கொடுமை. நாள் முழுக்க நிற்க வைக்காமல், அஸருக்குப் பின் கூட்டம் சேரும் நேரத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடலாம். பக்கத்தில் ஒரு பொடியனை நிறுத்தினால், அந்தத் தலைக்குள் இருக்கும் கணக்கு அவனுக்கும் இறங்கும்.

ஒரு தப்பெண்ணம் உண்டு. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம். எடுத்துவிட்டார் என்பதற்காக, தொடர்ந்து வேலை செய்பவருக்கு முதலாளி கட்டும் 12 சதவீதம் நின்றுவிடாது.

வாடிக்கையாளர் முன் வேலையாள் உட்கார்ந்தால் மரியாதைக்குறைவு என்று நினைக்கும் முதலாளிமாரே, லாச்சிக்குப் பக்கத்தில் முதலில் ஒரு கதிரையைப் போடுங்கள்.