லொறி கழுவும் ஞாயிறு

சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிக் கிழமை முழுக்க ஓடிய லொறி, ஞாயிறு காலை வீட்டு முற்றத்து வேம்பின் கீழ் நிற்கிறது. கபினைச் சாய்த்துப் பார்த்தால் எஞ்சின் மேல் ஒரு விரற்கடை தடிப்புக்கு அழுக்கு. கசிந்த ஒயிலில் மாத்தூள் ஒட்டி, அதன்மேல் சீமெந்துத் தூள் படிந்து, கடற்காற்றின் உப்பும் சேர்ந்து களியாகிவிட்டது. சேர்விஸுக்குக் கொடுத்தால் காசு. "நாங்களே கழுவுவம்" என்று சாரத்தை மடித்துக் கட்டுகிறார் ஓட்டுநர். மகன் குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவருகிறான்.

கழுவத்தான் வேண்டும். உப்பு துருப்பிடிக்கச் செய்யும், சூட்டில் ஒயில் பற்றிக்கொள்ளும். எனக்குக் கவலையெல்லாம் அந்தப் போத்தலைப் பற்றித்தான்.

போத்தலில் இருப்பது

குளிர்பானப் போத்தலில் ஊற்றிய மண்ணெண்ணெய் ஒரு சிறு பிள்ளையின் கண்ணுக்குத் தண்ணீர்தான். ஒரு மிடறு போதும். வயிற்றை விட நுரையீரலுக்கே அது ஆபத்து. மூச்சுக்குழாய்க்குள் சில துளி இறங்கினாலே நுரையீரல் புண்ணாகி நிமோனியா வரும். பிள்ளை குடித்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் செய்வது தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது, அல்லது உப்புத் தண்ணீர் பருக்குவது. இரண்டும் கூடாது. வாந்தியோடு மேலே வரும் எண்ணெய் நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும். பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றாலும் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸில் ஏற்றுங்கள். இருமலும் மூச்சிளைப்பும் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம்.

பெற்றோலில் கழுவும் ஆட்களும் இருக்கிறார்கள். பெற்றோலின் ஆவி கடுங்குளிரிலேயே தீப்பிடிக்கும். காற்றை விடப் பாரமானது என்பதால் நிலத்தோடு ஊர்ந்து குசினி அடுப்பு வரை போகும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடு போதும். ஓடிவந்து நின்ற எஞ்சின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பேர்போன சீனக்குடாப் பக்கத்து ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியிருப்பது வேடிக்கைதான். சோப்புத்தூள் கரைத்த நீரும் ஒரு பழைய பிரஷும் பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடும். மிஞ்சுவதற்கு, தண்ணீரில் கரையும் எஞ்சின் கிளீனர் கடையில் உண்டு. அதைக் கண்ணில் படாமல் பாவியுங்கள். பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே வைத்தியசாலை.

கையும் சாரமும்

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவுவது ஓட்டுநர்களின் பழக்கம். கறுப்பு போய்விடும், அதோடு தோலின் இயற்கை எண்ணெயும் போய்விடும். சில மாதத்தில் விரல் மடிப்புகள் வெடித்து, அந்த வெடிப்புக்குள் கறுப்புக் கோடு நிரந்தரமாக நிற்கும். அது கழிவு ஒயில். எஞ்சினில் எரிந்து பழசான ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்கள் உண்டு. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் இயந்திர ஒயில் நனைந்த உடையோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்று வந்தது, மருத்துவ வரலாற்றில் பதிவான சங்கதி. ஒயில் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதே சாரத்தோடு நாள் முழுக்க இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பிடித்துவிட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். சீமெந்துத் தூள் ஈரமானால் தோலை எரிக்கும். அது படிந்த லொறியைக் கழுவும்போது கையுறை இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

கழுவும்போது

எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறட்டும். சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சாய்த்த கபினின் பூட்டுக்கம்பி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் தலையை உள்ளே விடக்கூடாது. பற்றரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம், அங்கே ஐதரசன் வாயு இருக்கும். கிளச், பிரேக் பக்கத்துத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அழுத்தப் பம்பின் நீர் விரலைத் துளைத்தால் வெளியே ஊசிக்குத்து மட்டும்தான் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கலாம். வலி இல்லாவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கரையோரத்து மணலில் ஊற்றினால் கிணற்றுக்குத்தான். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில், மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முற்றத்து லொறிக்கு வழக்கு வராது. ஆனால் குடிப்பது நம் கிணறு. கட்டியாகிவிட்ட அழுக்கை முதலில் சுரண்டித் தகரத்தில் சேருங்கள். கிணற்றுப் பக்கம் கழுவாதீர்கள்.

எலிக்கூடு

கடைசியில் எழுதுகிறேன், ஆனால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். மா ஏற்றும் லொறிக்கு எலி வராமல் இருக்காது. எயார் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், சாக்கு நூலும் வயர் தோலுமாக ஒரு பந்து, நடுவில் ஈரம், மூத்திர வாடை. வெறுங்கையால் பிய்த்து எறிந்தால், கையிலுள்ள கீறல் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். வயல் செய்பவருக்கு மட்டும் வரும் நோயல்ல இது. மாரி மழையில் ஈரம் காயாத நாட்களில் கிருமி நெடுநேரம் உயிரோடிருக்கும்.

ஒரு பங்கு பிளீச்சைப் பத்துப் பங்கு நீரில் கலந்து கூட்டை நனையுங்கள். பத்து நிமிடம் ஊறியபின் கையுறையோடு எடுத்து சொப்பிங் பையில் கட்டுங்கள். பிளீச்சோடு அசிட் எதையும் சேர்க்காதீர்கள், குளோரின் புகை கிளம்பும்.

அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவும் கண்சிவப்பும் வந்தால், பனடோலைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: "லொறியில் எலிக்கூடு எடுத்தனான்."